நிறையாத குழி

மகாதேவிக்கு மறதி என்ற வியாதி மட்டும் வந்ததில்லை. மற்ற வியாதிகள் எல்லாம் ஒரு தடவையாவது அவளுடைய படலையைத் தட்டிப் பார்த்தவைதான். அவளுடைய கலியாணப் பந்தியில் அவளுடைய தாய்க்கு அப்பளம் வைக்காமல் நகர்ந்தவர் ஒருவர் இருந்தார். பன்னிரண்டு வருடம் கழித்து அந்த மனிதர் வேறொரு பந்தியில் இலைக்கு முன் குந்தியபோது, பாயாசச் சட்டியும் கையுமாக வந்த மகாதேவி அவரைத் தாண்டிப் போனாள். "வடிவா யோசியுங்கோ, ஏனெண்டு விளங்கும்" என்று மட்டும் சொன்னாளாம். அவர் யோசித்துக்கொண்டே மோரைக் குடித்துவிட்டு எழும்பினார்.

புத்தூருக்குக் கிழக்கே, பாறையடிக் குறிச்சியில், பனங்குருத்தோலையில் பெட்டி இழைப்பது அவளுடைய சீவியம். புருஷன் முருகேசு சுருட்டுக் கொட்டிலில் சுருட்டுச் சுற்றினான். அவன் கையில் புகையிலை நாற்றம், இவள் கையில் சாயம். ஓலையை வார்ந்து, சாயப் பொட்டலத்தைக் கொதிநீரில் கரைத்து, அதில் அவித்துக் காயவைத்து இழைத்தால் பெட்டி பத்து வருடம் சிவப்பு மாறாது. கையும் அப்படித்தான். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் சிவப்பு நிற்கும்.

அந்தக் குறிச்சியில் மண் ஒரு சாண், அதற்குக் கீழே எல்லாம் பாறை. பாறை முழுதும் பொந்து. மகாதேவி மிஞ்சிய சாயத்தண்ணீரை வளவுக்குள் இருந்த ஒரு பொந்திலே ஊற்றுவாள். தண்ணீர் "களக்" என்று ஒரு சத்தத்தோடு உள்ளே போய்விடும். எங்கே போகிறது என்று பொந்தும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

சொன்னவர் ஆழ்வாப்பிள்ளை.

ஆழ்வாப்பிள்ளை மலாயாவில் இருபத்தாறு வருடம் கிளாக்கராக இருந்து, பென்சனோடும் ஒரு தொப்பியோடும் திரும்பி வந்தவர். மகாதேவிக்குத் தூரத்து முறையில் சிற்றப்பன். குஞ்சியப்பு என்று கூப்பிடுவாள். ஒருநாள் அவருடைய தோட்டக் கிணற்றில் இறைத்த தண்ணீர் இளஞ்சிவப்பாய் வந்து, வெங்காயப் பாத்தி முழுதும் வெற்றிலை துப்பியது போல ஆகிவிட்டது. அவர் ஊர் அதிகாரியான விதானையாரையும் கூட்டிக்கொண்டு மகாதேவியின் படலைக்கு வந்துவிட்டார்.

"உன்ரை சாயம் என்ரை கிணத்துக்கை வந்திட்டுது, பிள்ளை."

"உங்கடை கிணறு எங்கை, என்ரை வளவு எங்கை, குஞ்சியப்பு? நடந்தாலே கால் நோகும்."

"நிலத்துக்கு மேலைதான் தூரம். பாறைக்குள்ளை எல்லாம் வாய்க்கால். இஞ்சை ஊத்தினா அங்கை வரும். நான் மலாயாவிலை எத்தினை சுரங்கம் பாத்தவன்! விதானையார், எழுதிக்கொள்ளுங்கோ."

ஏரம்பு விதானையார் கொப்பியில் எழுதிக்கொண்டார். மகாதேவி கைகட்டி மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இஞ்சை ஊத்தினா அங்கை வரும்" என்ற நாலு சொல்லையும் மடித்து, அப்பளக்காரரை வைத்திருந்த அதே இடத்தில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் ஆழ்வாப்பிள்ளை கக்கூஸ் கட்டினார்.

அதுவரை குறிச்சியில் எல்லாருக்கும் இளம்பனை வடலிக்காடுதான். கையில் ஒரு செம்பு, எதிரே வருபவரைக் காணாத ஒரு பார்வை, அவ்வளவுதான் ஏற்பாடு. ஆழ்வாப்பிள்ளையோ வெடிவைத்துப் பாறையைப் பிளந்து பதினைந்தடிக் குழி தோண்டி, மேலே சுண்ணாம்புச் சுவர் எழுப்பி, ஓடும் போட்டார். ஐயரைக் கேட்டுச் சுபமுகூர்த்தம் வைத்தார் என்று சொல்கிறார்கள். முதலில் உள்ளே போனது யார், எந்தக் காலை வைத்துப் போனது என்ற விவரங்கள் நமக்கு வேண்டாம். வந்தவர் போனவர்க்கெல்லாம் கோப்பி கொடுத்த கையோடு கக்கூஸையும் காட்டினார்.

"மூண்டு வருசமாச்சு. வீட்டிலை ஒன்பது பேர். குழி நிறையேல்லை, பாருங்கோ! இழுத்துக்கொண்டே போகுது. உதுதான் வேலைப்பாடு."

நிறையாத குழியைப் பார்த்து ஊரே அதிசயித்தது. போனதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மலாயாவில் இருந்து வந்தவரைக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை. வடலிக்குப் போகிறவர்களை அவர் "காட்டுச் சனம்" என்றார். கிராம சுகாதார சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்துத் தலைவருமானார்.

அவருடைய வீட்டுக்குக் குடிக்கும் தண்ணீர் முன் வளவிலுள்ள சொந்தக் கிணற்றில். பின் வேலிக்கு அப்பால் இருந்தது பங்குக் கிணறு. ஏழு வீட்டுக்குப் பொது. மகாதேவியின் சீதன உறுதிப்பத்திரத்தில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்று அதுதான் எழுதியிருந்தது. கக்கூஸுக்கும் அதற்கும் இடையில் அறுபதடி. ஆழ்வாப்பிள்ளை தானே சங்கிலி பிடித்து அளந்தவர்.

முப்பத்தேழாம் ஆண்டு கார்த்திகை மழைக்குக் கிணறுகள் எல்லாம் பொங்கி நின்றன. கொழும்பிலிருந்து ஆழ்வாப்பிள்ளையின் மருமகன் ஒருவன் வந்து நின்று, மூன்று நாள் கக்கூஸும் கட்டிலுமாகக் கிடந்து எழும்பிப் போனான். அவன் போய் ஒரு கிழமைக்குள் பங்குக் கிணற்று வீடுகளில் வயிற்றுளைவு வந்தது. காய்ச்சல், வயிற்றைப் பிசையும் நோ, பிறகு சீதமும் இரத்தமும். பெரியவர்கள் கிடந்து எழும்பினார்கள். பிள்ளைகளில் ஒன்று எழும்பவில்லை.

அது மகாதேவியின் பாலேஸ்வரி. எட்டு வருடம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை, ஆறு வயது, முன்பல் இரண்டு விழுந்திருந்தது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் மாதுளந்தோலும் வில்வமும் கொடுத்தார். நாலாம் நாள் வண்டில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "தண்ணி, அம்மா" என்று கேட்கக் கேட்க மகாதேவி செம்பிலிருந்து பருக்கிக்கொண்டே போனாள். பங்குக் கிணற்றுத் தண்ணீர். அந்தச் செம்பை அவள் பிறகு தன் வாழ்நாளில் எதற்கும் எடுக்கவில்லை.

செத்தவீட்டுக்கு ஆழ்வாப்பிள்ளை தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். பிள்ளையின் விரல் நுனிகள் சிவந்திருந்தன. மருதோன்றி போட்டு விளையாடுகிறேன் என்று தாயின் சாயச் சட்டிக்குள் விரலை விட்டிருந்தாள், வயிற்றுளைவு வருவதற்கு முதல்நாள். ஆழ்வாப்பிள்ளை அதைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பாருங்கோ, பிள்ளையின்ரை கையை. தாயின்ரை கையையும் பாருங்கோ. உந்தக் கையாலை சோத்தைக் குழைச்சுக் குடுத்தா வயித்துளைவு வராமல் என்ன வரும்? நான் தலையாலை அடிச்சுச் சொன்னனான், கையைக் கழுவுங்கோ, கையைக் கழுவுங்கோ எண்டு."

சொன்னது உண்மையான புத்திமதி. கையைக் கழுவத்தான் வேண்டும். ஆனால் உண்மையைக் கல்லாக்கி எறியவும் முடியும் என்பதை மகாதேவி அன்று கண்டாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்தி அவளுடைய கையைப் பார்த்தார்கள். அந்த ஒரு கணம் போதும்.

முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்ததும் சங்கம் கூடித் தீர்மானம் எடுத்தது. மகாதேவி இனிப் பங்குக் கிணற்றில் கொடிக்கயிறும் வாளியும் தொடக்கூடாது. பக்கத்து வீட்டுச் செல்வநாயகி அள்ளி அவளுடைய குடத்தில் ஊற்றட்டும். அன்றிலிருந்து அவள் கிணற்றடிக்கு நாலு முழம் தள்ளி, குடத்தை நிலத்தில் வைத்துவிட்டு, யாராவது ஊற்றும்வரை நின்றாள். அப்படித் தள்ளி நின்று தண்ணீர் கேட்கும் சனத்தை அவள் பிறந்த நாள் முதல் கண்டிருக்கிறாள். அவர்களுக்குக் கால் நோகும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"விடப்பா," என்றான் முருகேசு. "சனம் ஒரு வருசத்திலை மறந்திடும்."

"சனம் மறக்கும்," என்றாள் மகாதேவி. "என்ரை பிள்ளையை நான்தான் சாகடிச்சனான் எண்டு நினைச்சுக்கொண்டே மறக்கும்."

தையில் சனிற்றரி இன்ஸ்பெக்ரர் வின்சன்ற் சைக்கிளில் வந்து கோவில் வீதியில் கூட்டம் வைத்தார். மெல்லிய மனிதர், குரலும் மெல்லிசு.

"வயித்துளைவு கிருமியாலை வாறது. வருத்தக்காரன்ரை மலத்திலை கிடக்கும். அதிலை மொய்ச்ச இலையான் சோத்திலை மொய்ச்சால் வரும். கழுவாத கையாலை வரும். தண்ணிக்குள்ளை போனால் தண்ணியாலை வரும். கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைச்சுக் குடியுங்கோ. சாப்பாட்டை மூடி வையுங்கோ. சவுக்காரமோ சாம்பலோ போட்டுக் கையைக் கழுவுங்கோ."

"தண்ணிக்குள்ளை எப்பிடி ஐயா போகும்?" பின்னாலிருந்து மகாதேவி கேட்டாள்.

"கக்கூஸ் குழி கிணத்துக்குக் கிட்ட இருந்தால்..."

"என்ரை அறுபதடி!" என்று ஆழ்வாப்பிள்ளை எழும்பினார். "வாருங்கோ, அளந்து காட்டுறன்."

அளந்து காட்டினார். இன்ஸ்பெக்ரர் குழி எத்தனை வருடத்துக்கு ஒருதரம் நிறைகிறது என்று கேட்டார். நிறைவதேயில்லை என்ற பெருமையான பதில் கிடைத்தது. அவருடைய புருவம் மேலே ஏறியது. ஏறின புருவம் இறங்குமுன் கோப்பி வந்தது, பின்னாலே பயற்றம் பணியாரம் வந்தது. வின்சன்ற் நல்லவர். ஆனால் வாய் நிறையப் பயற்றம் பணியாரத்தோடு எந்த உத்தியோகத்தனும் கேள்வி கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

வேலிக்கு வெளியே நின்ற மகாதேவிக்கு அந்தப் புருவம் போதுமாயிருந்தது. நிறையாத குழி. இஞ்சை ஊத்தினா அங்கை வரும்.

பங்குனியில் ஆழ்வாப்பிள்ளை குடும்பம் ஒரு கலியாணத்துக்கு இணுவில் போன அன்று, பட்டப்பகலில், ஒரு சாயப் பொட்டலத்தைக் கரைத்துக் குடத்தில் விட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அந்தக் குழிக்குள் ஊற்றினாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் செல்வநாயகி ஊற்றிய தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கோப்பையில் விட்டுப் பார்த்தாள். இரண்டாம் நாள், கோப்பையின் அடியில், பாலேஸ்வரியின் விரல்நுனி அளவுக்கு ஒரு சிவப்பு.

அன்று அவள் சமைக்கவில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பொழுதுபடும்வரை இருந்தாள்.

அன்றே தெருவில் இறங்கிக் கத்தியிருக்கலாம். கத்தினால், பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத் தலை சுகமில்லை என்று முடித்திருப்பார்கள். உண்மைக்கும் ஒரு சபை வேண்டும். வைகாசியில் அம்மன் கோவில் தேர். ஆழ்வாப்பிள்ளையின் சங்கம் தண்ணீர்ப் பந்தல் போடப்போகிறது. தண்ணீர் பங்குக் கிணற்றில். தன் சொந்தக் கிணற்றை ஊர்ச்சனத்துக்காக அவர் கலக்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் அதுவரை ஏழு வீடும் குடிக்குமே? அங்கேதான் மகாதேவி வஞ்சகத்திலும் ஒரு நீதி வைத்திருந்தாள். அடுத்தநாள் கிணற்றடியில் செல்வநாயகியிடம் மெல்லச் சொன்னாள்:

"அக்கா, அம்மன் கனவிலை வந்தவ. தேர் முடியுமட்டும் பங்குக் கிணத்துத் தண்ணியைக் கொதிக்கவைச்சு ஆத்தித்தான் குடிக்கோணுமாம். பச்சைத்தண்ணி குடிச்சால் குத்தமாம்."

"உண்மையோடி?"

"எனக்கேன் பொய்? நான் பிள்ளையைக் குடுத்தவள்."

மூன்று நாளில் ஏழு வீட்டிலும் அடுப்பில் தண்ணீர்ப்பானை ஏறியது. இன்ஸ்பெக்ரர் மூன்று மாதம் சைக்கிள் மிதித்துச் செய்ய முடியாததை அம்மன் ஒரு கனவில் செய்துவிட்டாள். பங்குனியில் வயிற்றுளைவோடு கிடந்த இரண்டு பிள்ளைகளும் எழும்பின. பிறகு ஒருவருக்கும் வரவில்லை. அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். மகாதேவி அதையும் மடித்து வைத்துக்கொண்டாள்.

தேருக்கு முந்தநாள் காலை. வீட்டுச் சனமெல்லாம் கோவிலில். எட்டுப் பொட்டலம் சாயத்தைப் பெரிய பானையில் காய்ச்சி, மூன்று நடையாகக் கொண்டுபோய்க் குழிக்குள் ஊற்றினாள். தள்ளிவிட இன்னும் எட்டுக் குடம் தண்ணீர் வேண்டியிருந்தது. கிணற்றுக் கொடி தொடக்கூடாதே! வீட்டில் கொதிக்க வைத்து ஆற்றி வைத்திருந்ததையே ஊற்றினாள். அந்தக் குழி கண்ட முதல் சுத்தமான சாமான் அதுதான்.

தேரன்று பந்தலில் வாழை கட்டி, தோரணம் கட்டி, அண்டா அண்டாவாகத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். கிணறு நிழலில் கிடந்ததால் அள்ளியவர்கள் கவனிக்கவில்லை. வெயிலில் அண்டா வந்ததும் கண்டார்கள்.

"ஆழ்வாப்பிள்ளையர், தண்ணி ஒரு மாதிரிச் சிவந்து கிடக்கு," என்றார் ஏரம்பு விதானையார்.

ஆழ்வாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். ஒரு கணம் தொப்பிக்குள் வியர்த்தது. வீதி முழுதும் சனம். இன்ஸ்பெக்ரரும் வந்து நிற்கிறார். பந்தலைத் திறந்து முதல் செம்பு குடிக்கவேண்டியது தலைவர். அண்டாவைக் கவிழ்த்தால் மானம் போய்விடும். கிளாக்கர் மூளை சும்மா இருக்குமா?

"குங்குமம், விதானையார்! அபிஷேகத் தட்டுக் கழுவின தண்ணி கிணத்திலை விழுந்திருக்கும். அம்மன்ரை பிரசாதமெல்லோ! கொண்டாங்கோ சீனியை. தேசிக்காயைப் பிழியுங்கோ. சர்பத்து எண்டு சொல்லுங்கோ!"

சீனி கொட்டினார்கள், தேசிக்காய் பிழிந்தார்கள். நிறம் கண்ணைப் பறித்தது. பிள்ளைகள் மூக்குப்பேணிகளோடு வரிசையில் முண்டியடித்தார்கள். அந்த வரிசைக்கு முன்னால் ஒரு சிவந்த கை நீண்டது.

"பிள்ளையள் பொறுங்கோ," என்றாள் மகாதேவி. "முதலிலை தலைவர் குடிக்கட்டும். அதெல்லோ முறை."

இவளுக்கும் மரியாதை வந்துவிட்டதே என்று ஆழ்வாப்பிள்ளைக்குச் சந்தோஷம். வெள்ளிச் செம்பை அண்ணாந்து, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

"எப்பிடி, குஞ்சியப்பு?"

"அமிர்தம்!"

"இன்னொரு செம்பு?"

"தா, பிள்ளை."

தானே அள்ளிக் கொடுத்தாள். அவர் அதையும் குடித்து, மீசையைத் துடைத்து முடியும்வரை பொறுத்தாள். விதானையார் தன் பேணியை உதட்டருகே கொண்டுபோனபோதுதான் வாயைத் திறந்தாள்.

"விதானையார், அதை வையுங்கோ. அது குங்குமம் இல்லை, என்ரை சாயம். எட்டுப் பொட்டலம். முந்தநாள் காலமை குஞ்சியப்புவின்ரை கக்கூஸ் குழிக்குள்ளை ஊத்தினனான்."

தவில்காரன்கூட ஒரு அடி தவறவிட்டான்.

"நஞ்சு! எனக்கு நஞ்சு தந்திட்டாள்!" ஆழ்வாப்பிள்ளை தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"சாயம் நஞ்சில்லை, குஞ்சியப்பு. சாயத்துக்குப் பின்னாலை வந்தது எதுவோ, அதுதான் நஞ்சு. அதைத்தான் நாங்கள் மூண்டு வருசமாக் குடிச்சனாங்கள். நீங்கள் இண்டைக்கு ரண்டு செம்பு."

"பொய்! கல்லுப்பாறைக்குள்ளாலை எப்பிடியடி வரும்?"

"அதை விதானையாரின்ரை கொப்பியிலை பாருங்கோ. இஞ்சை ஊத்தினா அங்கை வரும். சொன்னது நீங்கள், எழுதினது அவர், மன்னிப்புக் கேட்டது நான்." அவள் தன் சிவந்த கையை விரித்துக் காட்டினாள். "என்ரை பிள்ளையின்ரை விரலைக் காட்டிச் சொன்னியள். அவளின்ரை கையிலை இருந்தது சாயம். வயித்துக்குள்ளை போனது உங்கடை வீட்டுப் பீ."

கோவில் வீதியில் அந்தச் சொல் கேட்கக்கூடாதுதான். ஒருவரும் அவளைத் திருத்தவில்லை. ஆழ்வாப்பிள்ளை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்துச் சத்தி எடுக்கத் தொடங்கினார். அதுவும் சிவப்பு.

வின்சன்ற் போய்க் கக்கூஸைப் பார்த்தார். விளிம்பு முழுதும் சிவப்பு. நீண்ட கழியை உள்ளே விட்டார். கழி ஒரு பொந்துக்குள் போய்க்கொண்டேயிருந்தது. அன்று அவர் கோப்பி குடிக்கவில்லை. கக்கூஸுக்குப் பூட்டுப் போட்டு, குழியைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடவேண்டும், ஆழம் குறைந்த வேறு குழி வளவின் மறுகோடியில் வெட்டும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது என்று எழுதி வைத்தார். பங்குக் கிணற்றை இறைத்து மருந்துப் பொடி போட்டார்கள். தண்ணீர் தெளிந்த அன்று விதானையார் எல்லாருக்கும் முன்னால் கொடியைப் பிடித்து மகாதேவியிடம் நீட்டினார். செல்வநாயகி தலையைக் குனிந்துகொண்டு, "கனவு எண்டாய்," என்றாள்.

"கனவெண்டாத்தானே கேக்கிறியள்," என்றாள் மகாதேவி. முதல் குடத்தைத் தானே அள்ளினாள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொதிக்க வைத்தாள்.

ஆழ்வாப்பிள்ளைக்கு மூன்றாம் நாள் வயிற்றுளைவு கண்டது. கிருமியாலா, பயத்தாலா, சீனி கூடியதாலா என்று பரியாரியாருக்கும் இன்ஸ்பெக்ரருக்கும் இன்னும் வழக்கு. கக்கூஸ் பூட்டிக்கிடந்தது. மலாயா பென்சனியர் கையில் செம்போடு, எதிரே வருபவரைக் காணாத அந்தப் பார்வையோடு, நாளுக்குப் பத்துத் தரம் வடலிக்குப் போய்வந்தார். வடலிக்கு ஒரே ஒழுங்கைதான். அது மகாதேவியின் படலையைத் தாண்டித்தான் போகிறது.

இவ்வளவோடு அவள் மன்னித்துவிட்டாள் என்று சொல்லும் ஆட்கள் ஊரில் உண்டு. அவர்கள் அவளுடைய பந்தியில் சாப்பிடாதவர்கள். அவள் படலையடியில் ஒரு பானையில் தண்ணீரும், சிரட்டையில் சவுக்காரமும் வைத்து, பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, ஒரு சின்னச் சிவப்புப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வரும் காலடி கேட்டதும் தலை நிமிராமல் கூப்பிட்டாள்.

"குஞ்சியப்பு, கையைக் கழுவிப்போட்டுப் போங்கோ."

ஒழுங்கையில் நாலு பேர் நின்றார்கள். ஆழ்வாப்பிள்ளை செம்பைக் கீழே வைத்தார். குனிந்தார். கையை நீட்டினார். மகாதேவி தண்ணீர் வார்த்தாள், மெல்ல, தாராளமாக.

"மணிக்கட்டுமட்டும். விரலுக்கு இடையிலை... நகத்துக்குள்ளையும், குஞ்சியப்பு. நாளைக்கும் வருவியள்தானே?"